ரூபன் வைத்த வெடியும் என் தாடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, செய்வினை, கண்ணூறு, இந்தக் கதைகள் எதுவும் எனக்கு ஒத்துவராது. நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எத்தனையோ பேர் என் கண் முன்னால் போயிருக்கிறார்கள், நானே கழுவித் துடைத்து, தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டுவிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடுவது இங்கே வழக்கம், உயிர் வெளியே போகட்டும் என்று என்னோடு வேலை செய்கிற டேனிஷ் பிள்ளைகள் சொல்வார்கள். நானும் திறப்பேன். உயிருக்காக அல்ல, அறைக்குக் காற்று வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்தது நடந்ததுதான்.

என்னிடம் செல்லி என்று ஒரு நாய் இருக்கிறது. காது தொங்கிய, செம்மண் நிற வேட்டை நாய். அவளுடைய வேலை வேட்டையாடுவது அல்ல. யாராவது சுட்டோ காரால் அடித்தோ, சாகாமல் காயத்தோடு ஓடிப்போன மானை மணம் பிடித்துத் தேடிப் போவதுதான் அவள் வேலை. கண்டுபிடித்தால் நான் அதன் வேதனையை முடித்துவைப்பேன். இந்த நாட்டில் இது விளையாட்டுக் காரியம் அல்ல. நாய்க்கும் பரீட்சை, எனக்கும் பரீட்சை, பதிவு, லைசென்ஸ் எல்லாம் உண்டு. ஒருவர் வெடி வைத்து, அதாவது துவக்கால் சுட்டு, மான் அந்த இடத்திலேயே விழவில்லை என்றால் எங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிட வேண்டும், அதுதான் ஒழுங்கு.

ஒரு தமிழ்ப் பெண் இதற்குள் எப்படிப் போனாள் என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். இங்கே பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது, எல்லாரும் கார்தான். ஒருநாள் விடிகாலையில் வேலைக்குப் போகும்போது என் காரில் ஒரு மான் அடிபட்டது. முன்னங்கால் முறிந்து, உடம்பை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை. போன் பண்ணினேன், ஒரு பெண் நாயோடு வந்தாள், உள்ளே போனாள், ஒரு வெடிச் சத்தம், திரும்பி வந்தாள். "இனி அதற்கு நோகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அடுத்த மாதமே நான் படிக்கப் போய்விட்டேன்.

கோயிலில் என்னைப் பற்றிக் கதைக்காத வாய் கிடையாது. நெற்றியில் திருநீறு, தோளில் துவக்கு, இவள் என்ன பொம்பிளை என்று. பங்குனி வெயிலில் நாக்கு வறண்ட மாதிரி என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான், நீங்கள் இறைச்சிக் கடையில் வெட்டிக் கட்டி வாங்கும் ஆட்டை யார் கொன்றது, எப்படிக் கொன்றது என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது கந்தசஷ்டி நேரத்தில் நடந்தது. நான் வருடா வருடம் சஷ்டி பிடிக்கிறவள். பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை, பின்னேரம் விளக்கேற்றிய பிறகு ஒரு கோப்பை பாலும் வாழைப்பழமும். இதைச் சொன்னதுமே உங்களுக்குள் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும், பசி மயக்கம் என்று. வரட்டும். அந்த விரதத்தோடு நான் பல வருடம் ஆட்களைத் தூக்கி, குளிக்க வார்த்து, எட்டு மணித்தியால வேலை செய்திருக்கிறேன். பசியில் என்ன வரும், என்ன வராது என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அன்று பின்னேரம் வேலையால் வந்து, முழுகி, ஈரத் தலையோடு சாமியறையில் விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். நவம்பர் மாதம், இங்கே நாலரைக்கெல்லாம் பொழுதுபட்டுவிடும். தீக்குச்சியை உரசினேன், அந்த நேரம் என் இடது தாடையில் ஒரு அடி விழுந்தது. யாரோ விறகுக் கட்டையால் ஓங்கி அடித்தது போல. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? முருகா என்று கத்தினேனா? இல்லை. எழும்பிப் போய்க் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன், இரண்டு கையையும் உயர்த்திப் பார்த்தேன், ஒரு வசனத்தைத் தெளிவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கவாதமா என்று பார்க்கிற முறை அது, என் வேலையில் தினமும் செய்வது. முகம் கோணவில்லை, கை விழவில்லை. ஆனால் தாடை என் சொல் கேட்கவில்லை. பாலைக் குடித்தால் விழுங்க முடியவில்லை, இடது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. வாழைப்பழத்தைக் கடிக்கவே முடியவில்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

இவர், என் கணவர், வந்து பார்த்தார். "நீர் வெறும் வயித்தோடை நாள் முழுக்க நிண்டால் இப்பிடித்தான். நாளைக்கு விரதத்தை விடும்" என்றார். மகள் தன் அறையிலிருந்தபடியே டேனிஷில், பல் வைத்தியரிடம் போகச் சொன்னாள். நாக்கு வறண்டு, தண்ணீர் முன்னால் இருக்க, குடிக்க முடியாமல் படுத்தேன்.

விடிய முன் தம்பி ரூபன் போன் எடுத்துக் கூப்பிட்டான். ரூபன் எனக்கு ஒரே தம்பி, இந்த ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனும் வேட்டை லைசென்ஸ் எடுத்தவன், ஆனால் அவன் எடுத்த காரணம் வேறு. அவனோடு வேலை செய்கிற டேனிஷ்காரர் இடைவேளை முழுக்க வேட்டைக் கதைதான் கதைப்பார்கள், இவன் தன் சோற்றுப் பெட்டியோடு வேறு மேசையில் இருப்பான். லைசென்ஸ் எடுத்த பிறகு அந்த மேசையில் இவனுக்கும் ஒரு கதிரை கிடைத்தது. பிறகு அவர்களுடைய வேட்டைக் குழுவிலும் இவனைச் சேர்த்தார்கள், ஒரு பருவத்துக்கு மட்டும், ஆள் எப்படி என்று பார்க்க. பருவம் முடியும்போது வைத்திருப்பதா விடுவதா என்று முடிவெடுப்பார்கள். அந்தக் குழுவில் நிரந்தரமாக ஒரு இடம், அதுதான் அந்த வருடம் முழுக்க அவனுக்கு நித்திரையிலும் விழிப்பிலும் இருந்த ஆசை.

"அக்கா, நேற்றுப் பின்னேரம் நான் ஒரு வெடி வைச்சனான். படேல்லை. எண்டாலும் குழு ஒழுங்கு, நாயைக் கொண்டு ஒருக்கா பார்க்கவேணும். நான் அக்காவைக் கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டன். நீ வந்து பார்த்திட்டுப் படேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால் காணும்" என்றான்.

"எப்ப வைச்சனி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே விளங்கவில்லை.

"பொழுதுபடேக்கை."

அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன், கதை அழகாக வரவேண்டும் என்பதற்காக அப்போதே நெஞ்சு திக்கென்றது என்று சொல்ல மாட்டேன். தாடை வலிக்கிறது, தம்பி கூப்பிடுகிறான், போக வேண்டும், அவ்வளவுதான். நான் காலணியைப் போடும்போது இவர் வாசலில் நின்று, "விரதத்தோடை ரத்தத்துக்கை போகப்போறீரோ?" என்றார். "முருகன் கையிலை வைச்சிருக்கிறது வேல், பூ இல்லை" என்று சொல்லிவிட்டுச் செல்லியை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

அவர்களுடைய வேட்டை நிலம் ஊருக்கு வெளியே, ஊசியிலை மரக் காடும் இடையிடையே வெட்டைவெளியும். கார்ஸ்டன் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர்தான் குழுவுக்குத் தலைவர், நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். ரூபன் இருந்து சுட்ட பரணையும், மான் நின்ற இடத்தையும் காட்டினார்கள். பெரிய ஆண் மான், நம் ஊர் மரைமான் அளவுக்கு வளர்கிற சாதி. நான் செல்லியை நீளக் கயிற்றில் விட்டேன்.

அவள் அந்த இடத்துக்குப் போனாள். மூக்கைப் புல்லுக்குள் வைத்தாள், வால் விறைத்தது. படவில்லை என்றால் நாய் அப்படி நிற்காது. பிறகு அவள் மான் ஓடிய திசைக்குப் போகவில்லை. திரும்பி நேரே ரூபனிடம் வந்து, அவனுடைய ஜாக்கெட்டின் வலது பக்கப் பொக்கற்றில் மூக்கை வைத்து, அசையாமல் நின்றாள். காயப்பட்ட மிருகம் படுத்த இடத்தைக் கண்டால் எப்படி நிற்பாளோ அப்படியே.

கார்ஸ்டன் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தமிழில் கேட்டேன். "என்னடா பொக்கற்றுக்கை?"

"ஒண்டுமில்லை அக்கா. பிஸ்கற்."

"எடு."

"அக்கா, இவங்களுக்கு முன்னாலை வேண்டாம். எங்கடை ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் எண்டு நினைப்பாங்கள்."

"எங்கடை ஆக்கள் எப்பிடி எண்டது நீ இப்ப எடுக்கிறதிலைதான் இருக்கு. எடு" என்றேன்.

எடுத்தான். பேப்பர்த் துடைப்பானில் சுற்றியது. உள்ளே ஒரு கடைவாய்ப் பல், அதோடு ஒட்டியபடி தாடை எலும்புத் துண்டு. சுட்ட பிறகு இறங்கிப் போய்ப் பார்த்து, பொறுக்கி, பொக்கற்றில் போட்டுவிட்டுப் படவில்லை என்று சொல்லியிருக்கிறான். நான் அந்தப் பல்லைப் பார்த்தேன். என் கை தானாகவே என் இடது தாடைக்குப் போனது. அப்போதுதான், அந்த இடத்தில்தான், எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

தாடையில் பட்ட வெடி என்றால் என்னவென்று வேட்டை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மிருகம் சாகாது. ரத்தமும் அதிகம் போகாது. நன்றாக ஓடும். ஆனால் புல்லைக் கடிக்க முடியாது, தண்ணீரை விழுங்க முடியாது. புல்லுக்கு நடுவில் நின்று பட்டினி கிடந்து, நாள் கணக்காக, சாகும். அதனால்தான் மானுக்குத் தோளுக்குப் பின்னால், விலாவில் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் படிப்பிக்கிறார்கள். ரூபன் கழுத்துக்கு வைத்திருக்கிறான், நின்ற இடத்திலேயே விழுத்திக் காட்ட வேண்டும் என்று. மான் தலையைத் திருப்பிவிட்டது.

கார்ஸ்டன் அவனைத் திட்டவில்லை. அந்தப் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, போவோம் என்றார். குழுவில் என் தம்பி அதுவரை எதிர்பார்த்திருந்த இடம் அந்த நிமிடத்தில் போய்விட்டது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

செல்லி மோப்பத்தை எடுத்தாள். காட்டுக்குள், பள்ளத்துக்குள், சோளம் வெட்டிய வயல் ஓரத்தால், முள்ளுப் பற்றைக்குள், மத்தியானம் தாண்டும் வரை போனோம். வழியில் ஒரு சொட்டு ரத்தம், பிறகு நெடுந்தூரம் ஒன்றும் இல்லை, பிறகு இலையில் எச்சில் கலந்த ஒரு கறை. ஒரு மண் ரோட்டுக்கு வந்தோம். இரவு ஒரு முழு மான் மந்தையே அதைக் கடந்திருந்தது, அதன்மேல் மழையும் பெய்திருந்தது. செல்லி வட்டம் போட்டாள். திரும்ப வந்தாள். இன்னொரு வட்டம். பிறகு என் காலடியில் வந்து படுத்துவிட்டாள். பரீட்சைக்குப் பழக்கிய காலத்திலிருந்து அவள் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை.

கார்ஸ்டன் நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் சொல்வேன். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. நேர்மையாகத் தேடிவிட்டோம், நாயால் முடியவில்லை, வேறொரு நாயை நாளைக்குக் கொண்டுவருவோம், இருட்ட முன் திரும்பலாம் என்றார். நாய் வழியை விட்டால் மனிதர் கண்டபடி காட்டுக்குள் அலையக் கூடாது என்பது எங்களுடைய முறை, புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ரூபன் என் தோளைத் தொட்டு, "அக்கா, காணும். நீ நேற்றையிலை இருந்து ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. வா வீட்டை போவம்" என்றான்.

நாளைக்கு. அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பியது. அந்த மானுக்கு நாளைக்கு என்பது என்ன என்று எனக்கு என் வாய்க்குள்ளேயே தெரிந்தது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, நான் நின்றுகொண்டிருக்கிறேன். என் விரதம் நானாகப் பிடித்தது. அதனுடையது என் தம்பி கொடுத்தது.

நான் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லப் போனேன். அப்போது என் வாய்க்குள் தண்ணீர் வந்தது.

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எச்சில் இல்லை, தண்ணீர். பல் கூசுகிற குளிரான தண்ணீர், சேறும் அழுகிய இலையும் மணக்கிற தண்ணீர். வாய் நிறைய வந்தது. நான் அதை விழுங்கப் பார்த்தேன், சத்தியமாக விழுங்கத்தான் பார்த்தேன், அவ்வளவு தாகம். விழுங்க முடியவில்லை. இடது கடைவாயால் வழிந்து, நாடியால் சொட்டி, காலருக்குள் இறங்கியது.

"அக்கா, என்ன குடிச்சனி?" என்றான் ரூபன். அவன் முகம் வெளிறிவிட்டது. "வாயாலை ஊத்துது அக்கா."

கையால் துடைத்தேன். விரலில் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. அதை அவனுக்கு நீட்டினேன். அவன் பார்த்தான். பார்த்தான் என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன், பிறகு அவன் என்ன சொன்னாலும்.

நான் கார்ஸ்டனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், இந்தப் பக்கத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது என்று. அவர் முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். பிறகு யோசித்து, பக்கத்து நிலத்தில், அந்தக் காலத்தில் வயலுக்குப் போட மண் தோண்டிய ஒரு பழைய பள்ளக் கிடங்கு தண்ணீரோடு இருக்கிறது, மரம் மூடிப்போய், இப்போது ஒருவரும் போவதில்லை என்றார். மோப்பம் போய்க்கொண்டிருந்த திசைக்கு நேர் எதிர்ப்பக்கம். நாய் அப்படிச் சொல்லவில்லையே என்றார். நாய் பின்னால் வரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் போனை எடுத்து நிலக்காரரிடம் கதைத்து அனுமதி கேட்டார். அதற்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள்.

செல்லி பின்னாலேயே வந்தாள், கயிறு தளர்ந்தபடி. வாழ்க்கையில் முதல் தடவையாக நாய்க்கு நான் வழி காட்டினேன். கிடங்கைச் சுற்றி வில்லோ மரங்கள், உள்ளே கறுத்த தண்ணீர். மான் நெஞ்சளவு தண்ணீரில் நின்றது. மூஞ்சியைத் தண்ணீருக்குள் வைத்து வைத்து எடுக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்தால் தண்ணீர் வழிந்து கொட்டுகிறது, பாசியோடு.

எங்களைக் கண்டது. காயப்பட்ட மான் மனிதரைக் கண்டால் உயிரைக் கொடுத்து ஓடும், நாயைக் கண்டால் இன்னும் ஓடும். இது ஓடவில்லை. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது. ரூபனை அல்ல, கார்ஸ்டனை அல்ல, என்னை. செல்லியும் குரைக்கவில்லை. நான் அழுதேன். துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டே அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"நான் வைக்கட்டே அக்கா?" என்றான் ரூபன். "நான்தானே துவங்கினனான்."

கேட்கிறதற்கு அழகாகத்தான் இருக்கும், பிழை விட்டவனே அதைத் திருத்தினான் என்று. ஆனால் அவனுக்குப் பாடம் படிப்பிக்க அந்த மானின் உயிர் என்ன பள்ளிக்கூடமா? "தள்ளி நில்" என்றேன். பின்னால் மண் மேடு, வெடி வேறெங்கும் போகாது என்று பார்த்தேன். தோளுக்குப் பின்னால், எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தேன். மான் முழங்கால் மடித்து, தண்ணீருக்குள் அமைதியாக இறங்கியது.

அதே நேரத்தில் என் தாடையில் டக் என்று ஒரு சத்தம். கழன்ற கதவு கொக்கியில் விழுகிற மாதிரி. எனக்குள் மட்டும் கேட்ட சத்தம் இல்லை அது, ரூபன் திரும்பிப் பார்த்தான். வலி போய்விட்டது. அப்படியே, ஒரு துளி மிச்சம் இல்லாமல். கார்ஸ்டன் தன் போத்தலை நீட்டினார், நான் அந்தத் தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கினேன்.

மானை இழுத்துக் கரையில் போட்டோம். சுட்டு வீழ்த்திய மானின் வாயில் ஒரு பச்சைக் கிளை வைப்பது இங்கே வேட்டைக்காரரின் வழக்கம், கடைசி வாய் உணவு என்பார்கள். கார்ஸ்டன் ஒரு கிளையை முறித்துக் குனிந்தார். அந்த வாயைப் பார்த்தார். பிறகு கிளையை அதன் நெஞ்சில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்குப் போய் முழுகி, விளக்கேற்றி, பால் குடித்தேன். விரதத்தை நான் விடவில்லை, கடைசி நாள் சூரன்போருக்குக் கோயிலுக்கும் போனேன். ரத்தத்தைத் தொட்டுவிட்டு விரதமா என்று ஒருத்தி என் காதுபடக் கேட்டாள். அந்த மானை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால்தான் என் விரதம் முறிந்திருக்கும் என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ரூபனுக்குக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. பிழையாகச் சுட்டதற்காக அல்ல, அது எவருக்கும் நடக்கும் என்று கார்ஸ்டன் அவனிடமே சொன்னாராம், பல்லைப் பொக்கற்றில் வைத்ததற்காகத்தான். இப்போது அவன் ஹோர்சன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் வேறொரு குழுவோடு போகிறான். என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கூடப் பிறந்த அக்காவே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று அவன் மனைவி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். நான் அன்றைக்கு அந்தப் பொக்கற்றைக் கண்டும் காணாமல் விட்டிருக்க வேண்டுமாம், ஒரு மானுக்காகத் தம்பியையா என்று கேட்கிறார்கள். ஓம், ஒரு மானுக்காகத்தான். நாளைக்கும் அதையே செய்வேன். தம்பி கதைக்காதது எனக்கு நோகிறது, நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நோவு எனக்கு. அதை ஒரு மானின் வாயில் இறக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை.

பாசியைப் பற்றி அவனிடம் யாரோ கேட்டார்களாம். நான் ஒன்றும் காணவில்லை என்றானாம். சரி. பல் வைத்தியர், தூக்கத்தில் பல்லைக் கடித்ததால் தசை பிடித்திருக்கும் என்றார். டொக்டர் விரதத்தைச் சொன்னார். அவர்கள் படித்தவர்கள், சொல்லட்டும். தசை பிடித்தால் வாயிலிருந்து குளத்துத் தண்ணீர் வருமா என்று கேட்டேன், மாத்திரை எழுதித் தந்தார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். முடியவில்லை. மாசி மாதம், வேலையில் ஒரு மனிதருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், வலது முன்னங்கையில் முறிந்தது போல ஒரு வலி, கரண்டி கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, ரோட்டில் மான் அடிபட்டு ஓடிவிட்டது, வர முடியுமா என்று. போனேன். வலது முன்னங்கால். முடித்துவைத்தேன், வலி போனது. அன்று விரதமும் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. இப்போது போன் அடிக்கும்போது நான் ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. சில நேரம் வலி வரும், போன் அடிக்காது. அப்படி வந்தால் நான் செல்லியை ஏற்றிக்கொண்டு காட்டு ரோடு ரோடாகப் போவேன், வேட்டைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, யார் சுட்டது, யாருக்குத் தப்பியது என்று கேட்பேன். பைத்தியம் என்கிறார்கள். இரண்டு முறை செல்லி கண்டுபிடித்தாள், ஒருவரும் வாய் திறந்து சொல்லாத காயங்கள். மற்றத் தடவைகளில் வலி தானாக நிற்கும் வரை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அது நிற்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம், பொழுதுபடும் நேரத்தில், வயிற்றின் வலது பக்கத்தில் தொடங்கியது. வயிற்றில் பட்டால் உடனே சாகாது, நெடுநேரம் எடுக்கும். கார்ஸ்டனுக்கு எடுத்தேன், தங்கள் பக்கம் நேற்று ஒருவரும் சுடவில்லை என்றார். தெரிந்த எல்லாருக்கும் எடுத்தேன். ரூபனுக்கும் எடுத்தேன், மணி போகிறது, அவன் எடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து செல்லி கதவடியில் கயிற்றோடு நிற்கிறாள், எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிற இந்த நேரமும் எனக்கு நோகிறது.